மேட்டில் நிறுத்திய பிக்அப்: 'பி' மட்டும் போதுமா?

அப்பாவின் ஹைலக்ஸை மேட்டில் நிறுத்தியிருக்கிறீர்கள். திரும்பி வந்து, எஞ்சினைக் கிளப்பி, கியரை 'பி'யிலிருந்து இழுக்கிறீர்கள். 'டக்'னு ஒரு சத்தம். வண்டி லேசாகக் குலுங்குகிறது. "பழைய வண்டி, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம்.

அந்தச் சத்தத்துக்கும் வண்டியின் வயதுக்கும் சம்பந்தமில்லை. நீங்கள் போயிருந்த நேரம் முழுக்க, இரண்டு டன் வண்டியின் பாரம் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சின்ன இரும்புப் பல்லின் மேல் சாய்ந்துகொண்டிருந்தது. அதை விடுவித்தபோது வந்த சத்தம் அது.

மலேசியாவில் பல ஆண்டுகளாக அதிகம் விற்கும் பிக்அப் ஹைலக்ஸ்தான். டி-மேக்ஸ், டிரைட்டன், ரேஞ்சர் எல்லாம் அதன் பின்னால் வரிசையில் நிற்கின்றன. தோட்டத்துக்கும் கட்டுமானத் தளத்துக்கும் ஓடியது போக, இப்போது பள்ளிக்கூடத்துக்கும் பேரங்காடிக்கும்கூடக் குடும்பங்கள் அதிலேயே போகின்றன. காரில் பழகிய கை அதே பழக்கத்தோடு பிக்அப்புக்கு மாறுகிறது: நிறுத்து, 'பி'யில் போடு, இறங்கு. ஹேண்ட்பிரேக்? "ஆட்டோ வண்டிக்கு எதுக்கு?" என்பதுதான் வழக்கமான பதில்.

'பி' என்ன செய்கிறது?

'பி' பிரேக் அல்ல. அது ஒரு பூட்டு.

ஆட்டோ கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டில் பல் வெட்டிய ஒரு வளையம் இருக்கும். 'பி'யில் போட்டதும் ஒரு இரும்புக் கொக்கி அந்தப் பல் இடைவெளி ஒன்றில் போய் விழும். தண்டு சுற்றாது. தண்டோடு பிணைந்த பின் சக்கரங்களும் சுற்ற முடியாது. அந்தக் கொக்கி பெரும்பாலும் உங்கள் விரல் நீளம்தான் இருக்கும்.

கொக்கி நேராக இடைவெளியில் விழாமல் பல்லின் உச்சியில் உட்கார்ந்துவிட்டால், வண்டி கொஞ்சம் உருண்ட பிறகுதான் அது உள்ளே இறங்கும். 'பி'யில் போட்டுக் காலை எடுத்ததும் வண்டி அரை அடி நகர்ந்து நிற்பது அதனால்தான். சமதரையில் இது ஒன்றுமில்லை. மேட்டில் அந்த அரை அடியில் வண்டி வேகம் பிடித்து, முழு எடையோடு கொக்கியில் போய் மோதும்.

'பி'யை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு அமெரிக்காவில் பழைய கதை ஒன்று உண்டு. 1966 முதல் 1980 வரை தயாரான ஃபோர்ட் வாகனங்கள் பலவற்றில், 'பி'யில் இருப்பதுபோல் தோன்றிய கியர் தானாக ரிவர்ஸுக்கு நழுவியதாகப் புகார்கள் குவிந்தன. வாகனங்களைத் திரும்பப் பெற்றிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. 1980 இறுதியில் அரசாங்கத்தோடு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஏறக்குறைய 23 மில்லியன் வாகன உரிமையாளர்களுக்கு ஒரு ஸ்டிக்கர் அனுப்பப்பட்டது. கியர் 'பி'யில் இருக்கிறதா என்று பாருங்கள், பார்க்கிங் பிரேக்கை முழுமையாகப் போடுங்கள், எஞ்சினை நிறுத்துங்கள் என்று அது நினைவூட்டியது. ஸ்டிக்கர் ஒட்டித் தீர்க்கிற பிரச்சினையா அது என்று அப்போதே கடுமையான விமர்சனம் வந்தது. ஆனாலும் ஸ்டிக்கரில் இருந்த அறிவுரையில் தவறில்லை.

அந்தக் காலத்துக் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2017 டிசம்பரில் ராம் பிக்அப் வாகனங்களில் சுமார் 1.8 மில்லியனைத் திரும்பப் பெறுவதாக அதன் தயாரிப்பாளர் அறிவித்தார். பிரேக்கை மிதிக்காமலே கியரை 'பி'யிலிருந்து வெளியே இழுக்க முடிந்ததுதான் காரணம். வண்டிக்குள் விளையாடும் ஒரு பிள்ளையின் கை பட்டாலே போதும்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்தால்?

'பி' கியர்பாக்ஸைப் பிடிக்கிறது. ஹேண்ட்பிரேக் சக்கரத்தையே பிடிக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

பெரும்பாலான பிக்அப்களில் பின் சக்கரங்களுக்கு இன்னமும் டிரம் பிரேக்தான். "இந்தக் காலத்திலும் டிரம்மா?" என்று கேலி செய்பவர்கள் உண்டு. வண்டியை நிறுத்திவைக்கும் வேலைக்கு டிரம் லேசுப்பட்டதல்ல. பானை மாதிரி ஒரு இரும்பு உருளை சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். அதன் உள்ளே, அரைவட்டமாக வளைந்த இரண்டு பிரேக் ஷூக்கள் இருக்கும். ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் ஒரு கேபிள் டிரம்முக்குள் இருக்கும் நெம்புகோலை இழுக்கும். நெம்புகோல் இரண்டு ஷூக்களையும் விரித்து, பானையின் உள்சுவரில் அழுத்தும்.

ஷூவைச் சுவரில் அழுத்தியபின் வண்டி உருளப் பார்த்தால், சுற்ற முயலும் டிரம் ஒரு ஷூவைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். அந்த இழுப்பே ஷூவை இன்னும் பலமாகச் சுவரில் அழுத்தும். முன்னால் உருளப் பார்த்தால் ஒரு ஷூ, பின்னால் உருளப் பார்த்தால் மற்றது. வண்டி தன் எடையாலேயே தன் பிரேக்கை இறுக்கிக்கொள்கிறது என்று சொல்லலாம். டிஸ்க் பிரேக்குக்கு இந்தக் குணம் கிடையாது.

கைப்பிடியின் வடிவம் மட்டும் காலத்துக்கேற்ப மாறியிருக்கிறது. பழைய ஹைலக்ஸில் டேஷ்போர்டுக்குக் கீழே, குடையின் பிடி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் நிற்கும், திருப்பினால் விடும். தாத்தா ஓட்டிய வண்டியில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கப் பிக்அப்கள் பலவற்றில் இடது காலால் மிதிக்கும் பெடல். இப்போது பெரும்பாலும் இரு இருக்கைக்கும் நடுவில் நெம்புகோல், அல்லது ஒரு பட்டன். பட்டனைப் பிறகு பார்ப்போம்.

சுமை ஏறினால் கணக்கு மாறும்

ஐநாவின் வாகன விதிமுறை எண் 13, சரக்கு வாகனங்களுக்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. முழுச் சுமையோடு, 18 விழுக்காடு சரிவில், மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ நிறுத்தினாலும் பார்க்கிங் பிரேக் மட்டுமே வண்டியைப் பிடித்து நிறுத்தவேண்டும். 18 விழுக்காடு என்றால் 100 மீட்டர் போவதற்குள் 18 மீட்டர் ஏறும் சாலை. பார்க்க அவ்வளவு பயமாக இருக்காது. கோணத்தில் 10 டிகிரி சொச்சம்தான்.

அந்தச் சரிவில் காலி பிக்அப், அதாவது 2 டன் வண்டி, சுமார் 350 கிலோ எடைக்குச் சமமான விசையோடு கீழே இறங்கப் பார்க்கும். பின்னால் சிமெண்டும் கம்பியும் ஏற்றி மொத்தம் 3 டன் ஆனால், அது சுமார் 530 கிலோ. நீங்கள் கையால் இழுக்கும் 20, 30 கிலோ வலுவை நெம்புகோலும் கேபிளும் டிரம்மும் சேர்ந்து அந்த அளவுக்குப் பெருக்கித் தரவேண்டும். இடையில் கேபிள் நீண்டிருந்தாலோ, ஷூ தேய்ந்திருந்தாலோ, அந்தப் பெருக்கத்தில் ஓட்டை விழுந்துவிடும். காலி வண்டியைப் பிடித்த ஹேண்ட்பிரேக், சுமை ஏற்றிய நாளில் கைவிடுவது இப்படித்தான்.

உருண்டால் என்ன ஆகும்? அதே சரிவில் தடையில்லாமல் உருளும் வண்டி ஐந்து விநாடியில் ஏறக்குறைய 20 மீட்டர் தாண்டியிருக்கும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல். ஐந்து விநாடி என்பது, "ஐயோ வண்டி போகுதே" என்று கத்தி, நான்கு அடி ஓடி, கதவுப் பிடியை எட்டும் நேரம். முன்னால் போய்க் கையால் தள்ளி நிறுத்தலாம் என்று ஓடுபவர்கள்தான் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்று டன்னை யாராலும் தள்ளி நிறுத்த முடியாது. ஒதுங்கி, கீழே இருப்பவர்களைக் கத்தி எச்சரிப்பது மட்டும்தான் செய்யக்கூடியது.

சரி, நம் ஹேண்ட்பிரேக் சரியாக இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? வர்த்தக வாகனம் என்றால், உருளைமேல் சக்கரத்தை ஏற்றிப் பிரேக்கைச் சோதிக்கும் பரிசோதனைக்கு அவ்வப்போது போயாக வேண்டும். ஆனால் மலேசியாவில் சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவுசெய்த பிக்அப்புக்கு அப்படிப்பட்ட கால இடைவெளிப் பரிசோதனை கட்டாயமில்லை. பத்து வருட வண்டியின் ஹேண்ட்பிரேக் கேபிளைக் கடைசியாக எப்போது ஃபோர்மன் பார்த்தார் என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளில் பதில் இருக்காது. நம்மில் பலர் ஹேண்ட்பிரேக்கை ஒழுங்காக மதித்து இழுத்தது ஒரே ஒருநாள்: லைசன்ஸ் டெஸ்ட்டில் 'புக்கிட்' ஏறிய அன்று.

பின் சக்கரம் மட்டும்தான்

இன்னொரு சங்கதி. ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின் சக்கரங்கள் இரண்டை மட்டும். காலி பிக்அப்பில் எடையின் அதிகப் பங்கு எஞ்சின் இருக்கும் முன்பக்கத்தில். பின்பக்கம் லேசு. வண்டியின் மூக்கு இறக்கத்தைப் பார்த்தபடி நிறுத்தினால், முன்பக்கம் இன்னும் கனத்து, பின்பக்கம் இன்னும் லேசாகும். பிரேக் சக்கரத்தைக் கெட்டியாகப் பிடித்திருக்கும், ஆனால் டயர் தரையைப் பிடிக்காது. மழை பெய்த செம்மண் பாதையில் சக்கரம் சுற்றாமலே வண்டி சறுக்கிக்கொண்டு போவதைத் தோட்டப் பக்கம் உள்ளவர்கள் பார்த்திருப்பார்கள்.

மீன்பிடிப் படகை இறக்கும் சரிவிலும் இதே கதை. படகு ஏற்றிய டிரெய்லரைத் தண்ணீருக்குள் பின்னோக்கி இறக்கும்போது, பிக்அப்பின் பின் சக்கரங்கள் நிற்பது பாசி படிந்த சிமெண்டில். 'பி' பிடிப்பதும் அந்தப் பின் சக்கரங்களை, ஹேண்ட்பிரேக் பிடிப்பதும் அதே சக்கரங்களை. அனுபவமுள்ளவர்கள் ஃபோர்-வீலில் போட்டுவிட்டுத்தான் 'பி'யில் போடுவார்கள். அப்போது முன் சக்கரங்களும் கியர்பாக்ஸோடு பிணைந்துவிடும். நான்கு டயரும் சேர்ந்து பிடிக்கும், அதில் இரண்டு காய்ந்த தரையில் இருக்கும்.

கேமரன் மலை லேண்ட்ரோவர் சொல்லும் பாடம்

தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கம் போனால் காய்கறி மூட்டைகளோடு பழைய லேண்ட்ரோவர்கள் உறுமிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். மலைச்சரிவிலேயே பிழைப்பு நடத்தும் வண்டி அது. அதன் ஹேண்ட்பிரேக் எங்கே இருக்கிறது தெரியுமா? சக்கரத்தில் இல்லை. வண்டியின் நடுவயிற்றில், கியர்பாக்ஸை அடுத்த டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், பின் சக்கரங்களுக்குப் போகும் நீண்ட ஷாஃப்ட்டின் மேல் ஒரே ஒரு டிரம்.

இதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. பழைய சீரிஸ் லேண்ட்ரோவரில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற, அந்த ஷாஃப்ட் 4.7 சுற்று சுற்றவேண்டும். எனவே ஷாஃப்ட்டில் போடும் பிடி, சக்கரத்தில் 4.7 மடங்காகப் போய்ச் சேரும். சின்ன டிரம் போதும். சேறும் தண்ணீரும் சக்கரத்தின் அளவுக்கு அங்கே எட்டாது.

அந்தச் சாமர்த்தியத்துக்கு ஒரு விலையும் உண்டு. டயர் பஞ்சர். பின் சக்கரம் ஒன்றை ஜாக் போட்டுத் தூக்குகிறீர்கள். ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறது, ஷாஃப்ட் அசையாது. ஆனால் இரு பின் சக்கரங்களுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறதே! வளைவில் இரண்டு சக்கரமும் வேறுவேறு வேகத்தில் சுற்ற உதவும் அதே பெட்டி, ஷாஃப்ட் பூட்டியிருக்கும்போது என்ன செய்யும்? ஒரு சக்கரம் முன்னால் சுற்றினால் மற்றது பின்னால் சுற்ற இடம் கொடுக்கும். தூக்கிய சக்கரத்தைத் தடுக்க ஒன்றுமில்லை. அது காற்றில் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கம் உருள, வண்டி ஜாக்கிலிருந்து இறங்கிப் போய்விடும். ஹேண்ட்பிரேக் கடைசிவரை பிடித்துக்கொண்டுதான் இருக்கும்.

எனக்கு லேண்ட்ரோவர் இல்லையே என்கிறீர்களா? உங்கள் ஆட்டோ பிக்அப்பின் 'பி'யும் அதே இடத்தைத்தான் பிடிக்கிறது: டிஃபரன்ஷியலுக்கு முன்னால் உள்ள தண்டை. வெறும் 'பி'யில் போட்டுவிட்டு ஹைலக்ஸின் பின் சக்கரத்தைத் தூக்கினால், லேண்ட்ரோவருக்கு நடந்தது அப்படியே நடக்கும். உங்களிடம் இருக்கும் கூடுதல் வசதி, டிஃபரன்ஷியலைத் தாண்டி நேராக இரு சக்கரங்களையும் தனித்தனியே பிடிக்கும் ஹேண்ட்பிரேக். இழுக்காவிட்டால் அந்த வசதி இல்லை. இழுத்தாலும், தரையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டுத்தான் ஜாக்கைத் தொடவேண்டும். லாரியில் போகும் கெலிண்டான் இருக்கைக்கு அடியில் மரக்கட்டை வைத்திருப்பது சும்மா இல்லை.

ஃபோர்-வீல் நெம்புகோல் உள்ள பழைய பிக்அப்களில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ஹை, லோ இரண்டுக்கும் நடுவில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கென்றே ஒரு நியூட்ரல் உண்டு. தெரியாமல் அதில் நின்றுவிட்டால் கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. 'பி'யில் போட்டாலும் வண்டி உருளும். மேனுவலில் முதல் கியரில் போட்டு நிறுத்தினாலும் உருளும். அப்போது மிச்சம் இருப்பது ஹேண்ட்பிரேக் ஒன்றுதான்.

பட்டன் வந்துவிட்டதே?

2022இல் மலேசியாவுக்கு வந்த ஃபோர்ட் ரேஞ்சரின் வைல்ட்ட்ராக் போன்ற வண்டிகளில் கைப்பிடி இல்லை, பட்டன்தான். பின்பக்கமும் டிஸ்க். அழுத்தியதும் 'ஞீங்' என்று கேட்பது, ஒவ்வொரு பின் சக்கரத்திலும் ஒரு சின்ன மோட்டார் திருகைச் சுற்றி, பிரேக் பேடை டிஸ்க்கோடு இறுக்கும் சத்தம். திருகு என்பதால், இறுக்கியபின் மின்சாரம் தேவையில்லை. பேட்டரி செத்தாலும் பிடி விடாது. ஆனால் செத்த பேட்டரியோடு பட்டனை அழுத்தி அதை விடுவிக்கவும் முடியாது.

இதிலும் நீங்கள் சரியாக இழுத்தீர்களா என்ற சந்தேகம் இல்லாமல் போய்விட்டது, அது நல்லதுதான். மலையிலிருந்து பிரேக் பிடித்தே இறங்கிவந்து சூடாக நிறுத்தும்போது டிஸ்க் விரிந்திருக்கும். ஆற ஆறச் சுருங்கி, பிடி தளரும். அதை ஈடுகட்ட மோட்டார் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இறுக்கும்படி பல வண்டிகளில் அமைத்திருக்கிறார்கள். ஆளில்லாத வண்டியில் 'ஞீங்' கேட்டால் பயப்படவேண்டாம்.

குழப்பம் வருவது 'ஆட்டோ ஹோல்ட்' என்ற பக்கத்துப் பட்டனில். சிக்னலில் நிற்கும்போது பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வசதி அது. சாலையில் நிற்பதற்கானது, இறங்கிப் போவதற்கானது அல்ல. மீட்டரில் வட்டத்துக்குள் 'பி' என்ற சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கதவைத் திறங்கள்.

எந்த வரிசையில்?

அந்த 'டக்' சத்தத்துக்கு வருவோம். அது வராமல் இருக்க, வரிசைதான் முக்கியம். காலால் பிரேக்கை மிதித்தபடியே கியரை நியூட்ரலுக்குக் கொண்டுபோங்கள். ஹேண்ட்பிரேக்கை இழுங்கள். இப்போது பிரேக்கிலிருந்து காலை மெதுவாகத் தளர்த்துங்கள். வண்டி ஹேண்ட்பிரேக்கில் சாய்ந்து உட்காருவது உங்களுக்கே தெரியும். திரும்ப மிதித்து, கடைசியில் 'பி'யில் போடுங்கள். பாரம் பிரேக்கில் இருக்கும், கொக்கி வெறும் காவலுக்கு. மேனுவல் வண்டி என்றால் மேட்டைப் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ்.

இதையே கொஞ்சம் மாற்றினால் சோதனையாகிவிடும். ஆள் நடமாட்டமில்லாத லேசான சரிவில், நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் மட்டும் போட்டு, கால் பிரேக்கின் மேலேயே இருக்க, அழுத்தத்தைக் குறையுங்கள். நகர்ந்தால் உடனே மிதியுங்கள், அடுத்து பட்டறைக்குப் போங்கள். நெம்புகோல் இழுக்கும்போது எத்தனை 'கிளிக்' என்று எண்ணுங்கள். சரியான எண்ணிக்கை வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். போன வருடத்தைவிட இப்போது கை அதிகம் உயர்கிறது என்றால் கேபிளோ ஷூவோ கவனம் கேட்கிறது.

வெள்ளத்தில் ஓட்டியிருந்தால் டிரம்மைத் திறந்து கழுவச் சொல்லுங்கள். உள்ளே போன தண்ணீர் வடிந்துவிடும், சேறு தங்கிவிடும். ஹேண்ட்பிரேக்கைப் பயன்படுத்தாமலே வைத்திருந்தால் கேபிள் துருப்பிடித்து, ஒருநாள் இழுக்கும்போது வேலை செய்யாது. அதே நேரம், ஈரத்தோடு வாரக்கணக்கில் இழுத்தே வைத்துவிட்டு ஊருக்குப் போனால் ஷூ டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். நீண்ட நாள் நிறுத்துவதென்றால் சமதரையில், கியரில் போட்டு, சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக்கை விட்டுவிடுங்கள்.